தேர் நாளில் பூட்டிக்கொண்ட கிழக்கு வழி

1

சிதம்பரத்தில் தேர் ஓடுவதை, மெல்போர்ன் புறநகர் ஒன்றில் இருக்கும் என் வீட்டுக் கணினித் திரையில் சிவப்புப் புள்ளிகளாகக் கண்டு வருபவன் நான். ஊரில் இருந்து இதைப் படிக்கும் அன்பர்களுக்கு இது விந்தையாகத் தோன்றக்கூடும். ஆதலால் முதற்கண் விளக்கிவிடுகிறேன்.

என் மனைவி செல்வியின் தம்பி இளங்கோ, வடக்கு வீதியில் சிறு அலுவலகம் வைத்து, நகரத்து வீடுகளுக்கும் அண்ணாமலை நகர் மாணவர் விடுதிகளுக்கும் இணைய இணைப்புக் கொடுத்து வருகிறான். கம்பங்களிலும், மொட்டை மாடிகளிலும், விடுதிப் படிக்கட்டுகளின் அடியிலும் அவன் பொருத்தியிருக்கும் பெட்டிகள் பல. அவை ஒவ்வொன்றையும் இடைவிடாது விசாரித்து, பதில் வந்தால் பச்சைப் புள்ளியும் வராவிட்டால் சிவப்புப் புள்ளியும் காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு. பார்ப்பதோடு அது நிற்பதில்லை. இருந்த இடத்திலிருந்தே ஒரு பெட்டியை அணைத்து எழுப்பலாம். அதன் அமைப்பை மாற்றலாம். ஒரு வழியை மூடி மற்றொரு வழியைத் திறக்கலாம். இந்த வேலையைப் பல ஆண்டுகளாக இளங்கோவுக்காகச் செய்து வந்தவன் நான்.

தேர் நாளன்று என்ன நிகழும் என்பது சிதம்பரத்தார்க்குத் தெரியும். மின்வாரியத்தார் தேர் வரும் வீதியில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். வீதியின் குறுக்கே போகும் கம்பிகள் எல்லாம் தேரின் உச்சிக்கு இடம் விட்டு இறங்க வேண்டும். எங்கள் கம்பியும் இறங்கும். கம்பத்தில் ஏறி இணைப்பைக் கழற்றி, சுருட்டி, தேர் கடந்தபின் மீண்டும் மாட்டுவார்கள். கீழ வீதியில் கழற்றினால் என் திரையில் கிழக்குப் புள்ளி சிவக்கும். தெற்கில் கழற்றினால் தெற்குப் புள்ளி. இவ்வாறு தேர் எங்கே வருகிறது என்பதை நான் இங்கிருந்தே சொல்லிவிடுவேன்.

2

நான் கடலூர் பழைய நகரத்தில் பிறந்து, பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தொலைக்காட்சி பழுது பார்க்கும் கடையில் வேலை பழகி, சிதம்பரத்துக்குப் பெண் கொள்ளப் போய், அங்கேயே மைத்துனனோடு சேர்ந்து கேபிள் தொழில் நடத்தினேன். இன்று நான் அறிந்த கணினி வித்தை யாவும் கையேடுகளை அகராதியோடு வைத்துக்கொண்டு படித்தவையே. ஆஸ்திரேலியா வந்தபோது தொழிலை இளங்கோவிடம் விட்டேன். இங்கே பள்ளிக்கூடங்களின் இணையக் கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வேலை கிடைத்தது.

வந்த புதிதில் அரசு அலுவலகத்தில் என் குடும்பப் பெயர் யாது என்று கேட்டார்கள். எனக்கு இருப்பது ஒரே பெயர், முன்னால் தந்தையாரின் ஓரெழுத்து. அந்த எழுத்தை விரித்தெழுதச் சொன்னார்கள். அன்று முதல் இந்த நாட்டில் அனைவரும் என்னை என் தந்தையாரின் பெயரால் அழைக்கிறார்கள். மேலாளர் ஒருமுறை என்னைக் கடிந்துகொண்டபோது, காலஞ்சென்ற மனிதரைக் காரணமின்றித் திட்டுவதாகவே எனக்குப் பட்டது. மொழியிலும் இடறினேன். மாலையில் புறப்படும்போது 'வருகிறேன்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். மேலாளர் நெடுநேரம் எனக்காகக் காத்திருந்ததாக மறுநாள் சொன்னார்கள்.

என் மகள் கயல் இத்தகைய இடறல்கள் இன்றி வளர்ந்தவள். சிறு குழந்தையாக வந்தவள் இன்று நகரத்தின் நடுவே பெரிய நிறுவனம் ஒன்றில், என் தொழிலையே என்னிலும் பன்மடங்கு விரிவாகச் செய்கிறாள். தமிழ் புரியும், பேசுவாள், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் படி இறங்குவது போல நின்று நின்று பேசுவாள். ஊரில் உள்ளவர்களோடு அவளுக்குள்ள உறவு என் வழியாகவே நடந்தது. பொங்கலன்று நான் கைபேசியை அவள் முகத்தருகே நீட்டுவேன். அவள் 'நல்லா இருக்கேன் மாமா' என்று சொல்லிவிட்டு என்னிடமே திருப்பித் தருவாள். இளங்கோவும் அவளைத் தானாக அழைத்ததில்லை. இருவருக்கும் நடுவே நான் இருக்கும்போது அதற்கு என்ன தேவை என்று நானும் நினைத்திருந்தேன்.

3

இவ்வாண்டு ஆனித் தேருக்கு முன் இரண்டு சங்கதிகள் கூடிவந்தன.

ஒன்று, காசிம் பாய் விடுத்த எச்சரிக்கை. பாய் பரங்கிப்பேட்டைக்காரர். வளைகுடாவில் உழைத்துத் திரும்பி, அண்ணாமலை நகரில் விடுதிகள் கட்டி மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். இளங்கோவின் தொழிலில் செம்பாதி அவருடைய விடுதிகளே. பெருநிறுவனம் ஒன்றின் ஆட்கள் அவரைச் சில மாதங்களாகச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். தேர் நாளன்று காலை, பெங்களூர் நிறுவனம் ஒன்று வேலைக்கு ஆள் எடுக்க இணையவழித் தேர்வு வைத்திருந்தது. உள்ளூர் விடுமுறை அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் விடுதிப் பிள்ளைகள் பலர் எழுதவிருந்தார்கள். அன்றைக்கு மட்டும் இணைப்பு நின்றால் மறுநாளே அந்தப் பெருநிறுவனத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவதாகப் பாய் தெளிவாகச் சொல்லிவிட்டார். விடுதிகள் போனால் இளங்கோ கடையை மூட வேண்டியதுதான்.

மற்றொன்று, என் கண். ஓட்டுநர் உரிமத்தைத் தொடர்வதற்குக் கண் மருத்துவரின் சான்று வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. நெடுநாள் காத்திருந்து கிடைத்த முறை, தேர் நாளன்று பிற்பகலில், சிதம்பரத்தில் அப்போது காலை, விழுந்தது. அதை விட்டால் உரிமம் காலாவதியாகிவிடும். இந்த ஊரில் கார் ஓட்டாதவன் பால் வாங்கவும் பிறர் தயவை நாட வேண்டும்.

கயலிடம் சொன்னேன். அவள் ஒரு மாலை முழுவதும் என் பக்கத்தில் அமர்ந்து, நான் கையால் செய்து வந்ததை மென்பொருளே செய்யுமாறு விதிகள் எழுதித் தந்தாள். அலுவலகத்திலிருந்து விடுதிகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கீழ வீதி வழியாக. மற்றொன்று மேல வீதி சுற்றித் தெற்கு வீதி வழியாக. எது உயிரோடு இருக்கிறதோ அதில் போக வேண்டும் என்பது முதல் விதி. ஒரு வழி அடிக்கடி அறுந்து அறுந்து ஒட்டினால் அது நோயுற்ற வழி. அதைப் பூட்டிவிட்டு, பொறுப்பாளர் ஒருவர் பார்த்துத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. தொழில் அறிந்தோர் எவரும் அந்த இரண்டாம் விதியைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அன்று நான் அவளுக்குக் கம்பங்களைச் சொன்னேன், பெட்டிகளைச் சொன்னேன், மின்சாரம் நிற்பதையும் சொன்னேன். தேர் ஒன்றல்ல, ஐந்து என்பதைச் சொல்லவில்லை. பிள்ளையார் முன்னே போக, முருகர், நடராசர், அம்மன், சண்டிகேசுவரர் என்று வரிசையாக வரும். முன் தேர் தெற்கு வீதிக்குத் திரும்பும்போது பின் தேர்கள் கீழ வீதியிலேயே இருக்கும். ஆகையால் ஒரு தேருக்கும் அடுத்த தேருக்கும் இடையில் கிடைக்கும் சிறு அவகாசத்தில் கீழ வீதிக் கம்பியை மாட்டி, அடுத்தது நெருங்கும்போது மறுபடி கழற்ற வேண்டும். அப்போதுதான் இரண்டு வழியில் ஒன்றாவது எப்போதும் திறந்திருக்கும். இளங்கோ ஏணியின்மேல் நின்று இதைச் செய்வான். நான் திரையின்முன் அமர்ந்து அவனோடு ஒத்துப் போவேன். ஆண்டுதோறும் செய்ததால் அது சொல்லவேண்டிய செய்தியாகவே எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கு மாமாவான நான் அன்று வேறு எங்கோ போகக்கூடும் என்பது இளங்கோவுக்கும் தோன்றவில்லை. தேர் எத்தனை என்று சிதம்பரத்துக்காரர் யாராவது எடுத்துச் சொல்வார்களா?

இன்னொன்றையும் இங்கே கூற வேண்டும். பூட்டிய வழியைத் திறக்கும் அதிகாரம் இருவருக்கு மேல் இருக்கலாகாது என்பது என் கொள்கை. பல கைகள் பட்ட பெட்டி பாழாகும். அந்த இருவர் நானும் கயலும். இளங்கோவுக்குத் திரையைப் பார்க்கும் அனுமதி மட்டுமே கொடுத்திருந்தேன்.

4

மருத்துவர் என் கண்ணில் துளி மருந்து விட்டு, வெளியே அமரச் சொன்னார். சிறிது நேரத்தில் எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துகள் கரைந்தன. கையில் இருந்த கைபேசி வெளிச்சமான ஒரு சதுரமாக மட்டும் தெரிந்தது. அது அதிர்ந்தபோது யார் அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. காதில் வைத்ததும் மேளச் சத்தம் கேட்டது.

"மாமா, கீழ வீதி பூட்டிக்கிச்சு. சீக்கிரம் தொறங்க" என்றான் இளங்கோ.

கம்பியை மாட்டினாயா என்று கேட்டேன்.

"மாட்டி, வயருக்குள்ள லைட்டு அடிச்சு சிக்னல் வருதான்னு பாத்துட்டேன் மாமா. இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒங்க சாப்ட்வேருதான் கதவ சாத்தி வெச்சிருக்கு. பிள்ளையாரு தெக்கு வீதிக்குத் திரும்பிட்டாரு. அங்க நிக்கிற பசங்க வயர எறக்கியாகணும்."

நிகழ்ந்தது எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிள்ளையாருக்கு ஒருமுறை, முருகருக்கு ஒருமுறை என்று கீழ வீதிக் கம்பி அறுந்து ஒட்டவும், கயலின் இரண்டாம் விதி அதை நோயுற்ற வழியென்று தீர்மானித்துப் பூட்டியிருக்கிறது. தெற்குக் கம்பியையும் கழற்றினால் விடுதிகள் இருண்டுவிடும். பிள்ளைகள் தேர்வில் உட்கார்ந்திருக்கிறார்கள். திறப்பதற்கு ஒரு நிமிடம் போதும். என் கைபேசியிலேயே செய்யலாம். அதற்குக் கடவுச்சொல்லும், குறுஞ்செய்தியாக வந்து விழும் எண்ணும் வேண்டும். எனக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கைபேசியைக் கொடுத்து எண்ணை வாசிக்கச் சொல்லலாமா என்று ஒரு கணம் எண்ணி, அந்நியரிடம் கடவுச்சொல்லைச் சொல்வதெப்படி என்று தயங்கினேன். செல்வியோ காரை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள்.

"கண்ணுல மருந்து ஊத்தியிருக்காங்க மச்சான். எழுத்து எதுவும் தெரியல" என்றேன்.

அவன் குரல் தாழ்ந்து வந்தது.

"நீங்க பாத்துகிட்டு இருக்கீங்கன்னுதான மாமா நான் ஏணில ஏறுனேன்."

கயலின் எண் குடும்பக் குழுவில் இருக்கிறது, அவளைக் கூப்பிடு என்று சொன்னேன். நான் பேசுற தமிழ் அதுக்குப் புரியுமா என்று கேட்டான். புரியும் என்றேன். உறுதியாகத் தெரிந்து சொன்னதன்று.

அவன் இணைப்பைத் துண்டித்தான். பிள்ளையார் தேரின் வடத்தைப் பிடித்திருப்பவர்களிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல எவராலும் ஆகாது. தெற்குக் கம்பி இறங்கியிருக்கும் என்பதை நான் பார்க்காமலே அறிவேன். மங்கிய கண்ணோடு அந்த நாற்காலியில் இருந்தபோது, விடுதிகளின் பெட்டிகள் ஒவ்வொன்றாய்ச் சிவப்பதை மனத்துக்குள் கண்டுகொண்டிருந்தேன்.

5

அதன்பின் நடந்ததை இருவரும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். சேர்த்து எழுதுகிறேன்.

கயல் ஒரு கூட்டத்தில் இருந்தவள் எழுந்து வந்து பேசினாள். தன் திரையில் பார்த்துவிட்டு, கீழ வீதிக் கம்பியை யாரோ திரும்பத் திரும்ப வெட்டுவதாக முடிவு செய்தாள்.

"மாமா, யாரோ ஒயரை கட் பண்றாங்க. நீ போலீஸ்ல சொல்லு."

"சாமிதான் கயலு அறுக்குது. புடிச்சுக் குடுத்துடவா?"

அவளுக்கு விளங்கவில்லை. இளங்கோ ஏணியில் நின்றபடியே கைபேசியைத் திருப்பிக் காட்டினான். வீட்டுக் கூரைகளுக்கு மேலே நடராசர் தேரின் உச்சி ஆடி ஆடி வருவதை, அவள் தன் அலுவலகத்தின் உணவறையில் நின்று பார்த்தாள். பார்த்துக்கொண்டே கிழக்கு வழியைத் திறந்தாள். விடுதிகள் எழுந்தன. இன்னும் எத்தனை தேர் என்று கேட்டாள். மூன்று பாக்கி என்றான். அப்படியானால் இந்த விதியே இன்றைக்குத் தவறு என்று சொல்லி, அதை நீக்கினாள். பிறகு, அடுத்த முறை தன்னைத் தேட வேண்டாம் என்று அவனுக்கே திறக்கும் அதிகாரத்தைக் கொடுத்து, எந்த இடத்தில் தொட வேண்டும் என்று அரைத் தமிழில் சொல்லிக்கொடுத்தாள். நடராசர் தேர் கடந்து, அம்மன் தேர் கடந்து, சண்டிகேசுவரர் கடக்கும்வரை அவள் இணைப்பை விட்டுப் போகவில்லை. கூட்டத்துக்கும் திரும்பவில்லை.

"நீ, வா, போன்னுதான் பேசுச்சு மாமா. எனக்கு நல்லாதான் இருந்துச்சு" என்று இளங்கோ பிறகு சொன்னான்.

இடையே விடுதிகள் இருண்டிருந்த வேளையில் காசிம் பாய் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கூட்டத்தில் புகுந்து ஏணியடிக்கே வந்துவிட்டார். ஒங்க மாமா ஆஸ்திரேலியால கண்ணாஸ்பத்திரிக்குப் போனா, இங்க என் புள்ளைங்க பரீட்சை நிக்கணுமா தம்பி, என்று கேட்டாராம். அது நியாயமான கேள்வி. தேர்வு நடத்தியவர்கள் இணைப்பு அறுந்துபோனவர்களை மறுபடி உள்ளே விட்டார்கள். விட்ட நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த வகையில் பிள்ளைகளுக்குத் தீங்கில்லை. ஆனால் பாயின் வாக்கு வாக்குத்தான். அன்று சாயங்காலம் அவர் வடக்கு வீதி அலுவலகத்துக்கு வந்தபோது, முடித்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறார் என்று இளங்கோ எழுந்து நின்றிருக்கிறான். பாய் உட்காராமல் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இப்ப அந்தக் கதவுக்குச் சாவி யாருகிட்ட தம்பி?"

"எங்கிட்டதான் பாய்."

"முன்னாடி?"

இளங்கோ மேசையில் கிடந்த கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். பாயும் வற்புறுத்தவில்லை. மேலே மின்விசிறியைப் பார்த்துவிட்டு, "ஒங்கிட்ட இருந்தா சரி. இருக்கட்டும்" என்று சொல்லிப் போய்விட்டார். விடுதிகள் இளங்கோவோடு நின்றன.

6

மருந்தின் மயக்கம் தெளிந்தபின் நான் திரையைத் திறந்தேன். எல்லாம் பச்சை. வழக்கம்போல் கிழக்கு வழியின் அமைப்பை ஒருமுறை சரிபார்க்க எண்ணித் தொட்டேன். பொத்தான்கள் சாம்பல் நிறத்தில் உறங்கின. என் பெயருக்கு எதிரே, பார்வையிட மட்டும் என்று இருந்தது.

கயலை அழைத்துக் கேட்டேன்.

"ரெண்டு பேருக்கு மேல வேணாம்னு நீங்கதானப்பா சொன்னீங்க?" என்றாள். அவள் குரலில் குறும்பும் இல்லை, வருத்தமும் இல்லை. என் விதியை எனக்கு வாசித்துக் காட்டினாள், அவ்வளவே. ஏணியில் நிற்பவர் ஒருவர். விதியை எழுதியவர் ஒருவர். எண்ணிக்கை முடிந்துவிட்டது. வேண்டுமானால் தன் இடத்தை எனக்குத் தருவதாகவும் சொன்னாள். வேண்டாம் என்றேன். உடனே சொன்னேனா என்றால், இல்லை.

சில நாட்கள் இதைப் பற்றியே சிந்தித்தேன். புலம்பெயர்ந்த நம்மில் பலரும் ஊரைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. ஊரை அமைக்கவும் விரும்புகிறோம். வீட்டுக்கு என்ன வண்ணம் பூசுவது, தங்கை மகன் எந்தப் படிப்பில் சேர்வது, எந்த வேலியை எங்கே போடுவது என்று இங்கிருந்தே தீர்மானிக்கிறோம். அங்கிருப்போரும் மரியாதைக்கு நம்மைக் கேட்கிறார்கள். கேட்கிறார்கள் என்பதாலேயே நம்மால்தான் நடக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம். பல கைகள் பட்ட பெட்டி பாழாகும் என்ற கொள்கையை நான் இன்றும் கைவிடவில்லை. எந்தக் கை தொலைவில் இருக்கிறதோ அதையே முதலில் விலக்க வேண்டும் என்பதை மட்டும் அதனோடு சேர்த்துக்கொண்டேன்.

இப்போது கயலும் இளங்கோவும் வாரத்தில் ஒருமுறையேனும் பேசிக்கொள்கிறார்கள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டால், ஒன்றுமில்லை அப்பா, மேல வீதிக் கம்பி பற்றி என்கிறாள். மார்கழித் தேருக்கு அவர்கள் புதிய விதிகள் எழுதுகிறார்கள் என்று செல்வி வழியாக அறிந்தேன். முன்பெல்லாம் இத்தகைய சேதிகள் என் வழியாகத்தான் செல்வியை அடையும்.

சென்ற வாரம் இளங்கோ என்னை அழைத்தான். மார்கழிக்கு வருகிறீர்களா என்று கேட்டான். விதி எழுத நீங்கள் இருவரும் இருக்கிறீர்கள், நான் வந்து என்ன செய்யப்போகிறேன் என்று சற்று முறுக்காகவே சொன்னேன்.

"கம்ப்யூட்டர்ல ஒங்களுக்கு வேலை இல்ல மாமா. கீழ வீதில வயரு புடிக்க ஒரு ஆளு கொறையுது. நான் மேல நின்னு கழட்டுனா, கீழ சுருட்டி வாங்கணும். ஏணிய நீங்க தொட வேணாம், தரையிலதான் நிக்கணும்."

"எனக்கு வயசு ஜாஸ்தியாச்சு மச்சான்."

"வயரு ஒண்ணும் ஜாஸ்தி வெயிட்டு இல்ல."

வருகிறேன் என்றேன்.

குடியுரிமை மாறியதால் பிறந்த ஊருக்குப் போகவும் எனக்கு விசா வேண்டும். நேற்று அதற்கான பக்கத்தைத் திறந்தேன். கண் மருத்துவர் கொடுத்த புதிய கண்ணாடியில் எழுத்துகள் துலக்கமாகவே தெரிந்தன. வருகையின் நோக்கம் யாது என்று கேட்டு, தேர்ந்தெடுக்கச் சில காரணங்களைத் தந்திருந்தார்கள். தொழில், மாநாடு, மருத்துவம், சுற்றுலா. நடராசர் தேருக்கு வழிவிடக் கீழ வீதியில் கம்பி சுருட்டுவதற்கு அவற்றுள் இடமில்லை. ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு, சுற்றுலா என்று குறித்து அனுப்பினேன்.